குடிக்காதவன் வீட்டுக் காட்டுக் காப்பி

கோந்த்ரானிடம் அந்தச் செடியைக் கொடுத்ததற்கு ஒரே காரணம், அவன் குடிப்பதில்லை என்பதுதான். மற்றபடி அவனிடம் என்ன இருந்தது? கல் பொறுக்கி மாளாத ஒரு முற்றம், நினைத்தால் வரும் நினைக்காவிட்டால் வராத குழாய்த் தண்ணீர், 'பொறுமை' என்று நெற்றியில் எழுதிய ஒரு பழைய பஸ். அந்த பஸ்ஸை மலைக்கும் துறைமுகத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். எழுதியது முந்தைய முதலாளி. ஆனால் பெயருக்கும் ஓட்டுகிறவனுக்கும் பொருத்தம் பார்த்து வைத்த மாதிரி இருக்கும்.

காட்டுக் காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்துமாக்கடலில் இருக்கிற மஸ்கரீன் தீவுகள் எல்லாவற்றையும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ரோட்ரிக்ஸ் தீவைத் தவிர வேறெங்கும் அது முளைத்ததில்லை. இங்கேயும் காட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, மேட்டுச் சாலை ஓரத்தில். ஆள் உயரம், பளபளவென்று அகலமான பச்சை இலை, வெள்ளை வெளேரென்று நட்சத்திரப் பூ. அழகான செடிதான். ஆனால் எங்கள் ஜனங்கள் அதைத் தேடிப் போனது அழகுக்காக இல்லை. சனிக்கிழமை குடித்த ரம்முக்கு ஞாயிற்றுக்கிழமை காட்டுக் காப்பிக் கஷாயம்தான் மருந்து என்று அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. டாக்டர் சொன்னால் நம்பமாட்டார்கள், ரேடியோவில் புயல் வருகிறது என்றால் நம்பமாட்டார்கள், இதை மட்டும் நம்புவார்கள். காட்டிலாகா ஒரு வேலி போட்டது. செடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கும் தெரிந்துபோயிற்று. இன்னொரு வேலி போட்டார்கள், அதற்கு மேல் இன்னொன்று. தலை வெடித்துக்கொண்டிருப்பவனுக்கு முள்கம்பி எம்மாத்திரம்?

கடைசியில் அதன் கிளைத் துண்டைக் கடல் கடந்து கொண்டுபோய், வேர்விடவைத்து, அதில் விதை எடுத்து முளைக்கவைத்து, கன்றுகளாகத் திருப்பி அனுப்பினார்கள். சிலவற்றை வீடுகளில் வைத்து வளர்க்கலாம் என்று முடிவானது. காட்டிலாகா அதிகாரி எங்கள் மலை மாதா கோயில் சாமியாரிடம் வந்து, குடிக்காத ஆள் இருக்கிற வீடாக ஒன்று சொல்லுங்கள் என்றாராம். சாமியார் கன்னத்தைச் சொறிந்துகொண்டு வெகு நேரம் யோசித்தாராம். பிறகுதான் கோந்த்ரான் பேரைச் சொன்னார்.

அவனும் ஒரு காலத்தில் குடித்தவன்தான். ஒலிம்பைப் பெண் கேட்டபோது அவள், "புட்டியா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறான்.

கன்றைப் பார்த்ததும் கோந்த்ரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சார், செத்ததைக் குடுக்கறீங்க?"

செத்ததாகத்தான் தெரிந்தது. குச்சி போல ஒரு தண்டு. அதில் நீள நீளமாக, ஒல்லியாக, பழுப்பும் திட்டுமாகத் தொங்கும் இலைகள். காய்ந்த புல் கற்றை தேவலை. அதிகாரி சிரித்தார்.

"சின்ன வயசுல இது இப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்துல இங்க ஆமைங்க மேஞ்சுகிட்டு இருந்துச்சு இல்ல, அதுங்க கண்ணுல படாம இருக்க வேஷம். நாலஞ்சு வருஷம் போகட்டும், அப்புறம் தாய் மாதிரி அகல இலை விடும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர்ப் பீப்பாய்க்கும் கல் சுவருக்கும் நடுவில் நட்டான். வேலி போடவில்லை. எங்கள் தீவில் வேலி போடுவதும் விளம்பரப் பலகை வைப்பதும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவும் இல்லை, ஒலிம்பிடம்கூட. ஒலிம்ப் தங்கமான மனுஷி. ஆனால் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வது கோயில் மணியை அடிப்பதுபோல. தினமும் காலையில் முகம் சவரம் செய்த தண்ணீரைக் கீழே கொட்டுகிற பாவனையில் செடிக்கு ஊற்றிவிட்டு பஸ்ஸை எடுக்கப் போவான்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். மிரெல், ஒலிம்பின் மகள். பெற்ற தகப்பன் எவரிஸ்ட். கல்யாண மோதிரம் வாங்கிவருகிறேன் என்று பக்கத்துப் பெரிய தீவான மொரீசுக்குக் கப்பலேறினான். மோதிரம் வாங்கவும் செய்தான், அங்கேயே வேறொருத்திக்குப் போட்டுவிட்டான். கோந்த்ரான் அந்த வீட்டுக்குள் வந்தபோது மிரெலுக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்திரண்டு. இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒரு முறைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா என்றும் இல்லை, மாமா என்றும் இல்லை, பேர் சொல்லியும் இல்லை. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் மொட்டைப் பேச்சுதான். "சாப்பாடு வெச்சாச்சு." "பஸ் எப்பக் கிளம்புது?" தூரத்தில் இருந்தால் ஏதாவது பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் கோந்த்ரான் திரும்பிப் பார்ப்பான். பழகிவிட்டது.

பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான். துறைமுகத்துக் கடையில் அவளுக்கு வேலை முடிய நேரமானால், டயரில் காற்று பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து கடைசி பஸ்ஸைத் தாமதப்படுத்துவான். பயணிகள் திட்டுவார்கள், 'பொறுமை' நகராது. அவள் மேல் அவனுக்கு உயிர். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

மிரெலுக்கும் ரிவியேர் கோகோ கடற்கரைப் பக்கத்து மீன்பிடிக்காரப் பையன் பெனுவாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போவது தகப்பன் வேலை. கோந்த்ரான் துறைமுகத்தில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கி, பஸ் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தான். அளவு கொஞ்சம் சின்னது, ஆனால் பளபளப்பாக இருந்தது. அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தான். பாத்திரம் டங்கென்று கேட்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று நினைத்துத் திரும்புவான். உப்பு தீர்ந்துவிட்டது என்பாள்.

ஒருநாள் மொரீசிலிருந்து தொலைபேசி வந்தது. எவரிஸ்ட் வருகிறானாம், மகள் கல்யாணத்துக்கு.

"வர்றானாமா? மோதிரத்தைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டானா?" என்றாள் ஒலிம்ப்.

மிரெலின் முகம் மலர்ந்ததைக் கோந்த்ரான் பார்த்தான். பார்த்தபிறகு என்ன சொல்ல?

"வரட்டும். பெத்தவர் வந்து கூட்டிட்டுப் போறதுதான் முறை" என்றான். அன்றைக்குச் சோளமும் பீன்ஸும் பாதித் தட்டில் அப்படியே கிடந்தன. ஷூவைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முற்றம் கழிப்பார்கள். பந்தல் போட்டு ஆட வேண்டுமே, தரை வழித்த சட்டி மாதிரி இருக்க வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் கூடி மண்வெட்டியும் துடைப்பமுமாக இறங்குவார்கள். மூலைகளை மட்டும் கல்யாணப் பெண்தான் கையால் களை பிடுங்க வேண்டும். மூலையில் ஒரு புல் நின்றால்கூட, "பொண்ணு சோம்பேறி" என்று மாப்பிள்ளை வீட்டார் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்குக் கடல் நன்றாக வற்றியிருந்ததால் ஒலிம்ப் கல்யாணத்துக்கு ஆக்டோபஸ் குத்த ஈட்டியோடு பாறைத் திட்டுக்குப் போய்விட்டாள். கோந்த்ரான் பஸ்ஸில். முற்றம் கழிக்கிற நாள் அதுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆம்பளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது வந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். முற்றம் பளிச்சென்று கிடந்தது. நேரே பீப்பாய்ப் பக்கம் பார்த்தான். அங்கேயும் பளிச்சென்று கிடந்தது.

ஆட்டுப் பட்டி ஓரமாகக் குவித்திருந்த களைக் குப்பையில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிளறினான். பட்டிக்குள்ளிருந்து ஆடுகள் கழுத்தை நீட்டி ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தன. ஓர் ஆட்டின் முகத்தைத் தள்ளிவிட்டு மேலும் கிளறினான். கண்ணில் நீர் வந்துவிட்டது, புழுதியால் இல்லை.

பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. மிரெலுக்குத் திக்கென்றது. பாத்திரச் சத்தத்துக்கு அவன் திரும்பாமல் இருந்ததே கிடையாது.

"என்ன தேடறீங்க?"

"இங்க, பீப்பாய் பக்கத்துல... ஒரு குச்சி இருந்துச்சே."

"காஞ்ச குச்சியா? நான்தான் பிடுங்கினேன். எதுக்கு அது?"

அதற்குள் அவன் கையில் அது கிடைத்துவிட்டது. இரண்டு இலையை ஆடு தின்றுவிட்டது. மற்றவை துவண்டு தொங்கின. வேர் மட்டும் மண்ணோடு இருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"காட்டுக் காப்பி."

"காட்டுக் காப்பியா! எனக்குத் தெரியாதா காட்டுக் காப்பிய? இந்த மலையில பொறந்த யாருக்குத் தெரியாது? இவ்ளோ அகல இலை, பளபளன்னு. இதுல தாய் ஜாடை துளிகூட இல்லையே!"

"சின்னதுல இருக்காதாம். வளந்த பிறகுதான் வருமாம்."

மிரெலையும் ஊரார் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், அந்த வீட்டில் யார் ஜாடையும் இல்லாத பெண் என்று. கோயில் வாசலில், கடை வாசலில், அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பேசிய ஒருத்தரை இந்த மனுஷன் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. கொட்டுகிற மழையில், பாதி மலையில் இறக்கிவிட்டான்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா? கல்யாணத்துக்கு வர்ற கூட்டம், மறுநாள் எல்லாருக்கும் மண்டையிடி. ஒரு இலை மிஞ்சுமா?"

"என்கிட்டயுமா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே ஓடி, அவள் தலை அலசுவதற்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தாள். அவன் குழியைத் தோண்டினான், அவள் வேரை நனைத்தாள். இரண்டு பேரும் தலை முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்து அதை நட்டார்கள்.

"வெயில் பட்டா தாங்காது. மறைப்பு வேணும். மறைப்பு வெச்சா வர்றவனெல்லாம் என்னன்னு கேப்பான்" என்றான் கோந்த்ரான்.

மிரெல் சுவரில் மாட்டியிருந்த ஒலிம்பின் பழைய ஓலைத் தொப்பியை எடுத்து வந்தாள். ஆக்டோபஸ் பிடிக்கப் போகையில் முன்பு போட்டுக்கொண்டிருந்த அகலத் தொப்பி. நாலு கல்லின் மேல் காற்று போகிற மாதிரி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதை யாரும் தொடமாட்டாங்க. அம்மாவோட தொப்பின்னா ஊருக்கே பயம்."

ஒலிம்ப் வந்தாள். புதுத் தொப்பி தலையில், தோளில் ஈட்டி, ஈட்டியில் தொங்கும் ஆக்டோபஸ்.

"என் தொப்பிய எவன்யா தரையில கவுத்தது?"

"வெயில்ல காயுதும்மா" என்றாள் மிரெல்.

"ஆமா, காயுது" என்றான் கோந்த்ரான்.

ஒலிம்ப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் வயிறு குளிர்ந்துபோயிற்று. குடைந்து குடைந்து கேட்டு அன்றைக்கே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"என்கிட்ட ஒளிச்சியாய்யா நீ? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

கல்யாணம் முடிகிறவரை ஒரு வார்த்தை வெளியே போகாது என்று அவளிடம் மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள் மிரெல்.

எவரிஸ்ட் கப்பலிலிருந்து இறங்கும்போதே வாசனை வந்தது. வெள்ளைச் சட்டை, அத்தர், கை நிறையப் பரிசு, வாய் நிறையச் சிரிப்பு. கோந்த்ரானைக் கட்டிப்பிடித்து, "பங்காளி!" என்றான். கோந்த்ரானுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவனை வெறுக்க முடியவில்லை. வந்த அரை மணியில் பெட்டியைத் தூக்கினான், பந்தலுக்குக் கம்பு நட்டான், ஆட்டுக்குட்டியோடு பேசினான். மிரெல் அவன் பின்னாலேயே சுற்றினாள். இருக்கத்தானே செய்யும், பெற்ற பாசம்.

கல்யாணத்தன்று 'பொறுமை'க்குப் பனை ஓலையும் காகிதப் பூவும் கட்டினார்கள். கோந்த்ரான்தான் ஓட்டினான். புது ஷூவோடு பிரேக் மிதிக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டு ஓட்டி, கோயில் வந்ததும் மாட்டிக்கொண்டான். எவரிஸ்ட் கைபிடித்து மிரெலை உள்ளே கூட்டிப்போனான். பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது, ஒரே மூக்கு, ஒரே நெற்றி. கோந்த்ரான் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நின்று பார்த்தான். வலித்தது. காலும்தான்.

பந்தலில் அக்கார்டியன் வாசித்தவன் நடுவில் இளைப்பாற வந்து, ரம் தம்ளரைத் தொப்பியின் மேல் வைத்தான். கோந்த்ரானுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குள் கல்யாண உடுப்போடு மிரெல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்து, "வாசிங்க அண்ணே, எல்லாரும் காத்திருக்காங்க" என்று திருப்பி அனுப்பினாள். போகிறபோது கோந்த்ரானைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்தார்கள். எவரிஸ்ட் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

"ஐயோ, மண்டை ரெண்டாப் பொளக்குது. ஒலிம்ப், காட்டுக் காப்பி கொஞ்சம் கெடைக்காதா? மொரீசுல இருக்கறப்பகூட அதைத்தான் நெனச்சுக்குவேன்."

ஒலிம்புக்கு இத்தனை நாள் அடக்கிய வாய். கல்யாணமும் முடிந்துவிட்டது, சத்தியமும் முடிந்துவிட்டது. கேலி செய்கிற சந்தோஷத்தில் வாய் நழுவிவிட்டது. "குடிக்காதவன் வீட்டுலதான் காட்டுக் காப்பி முளைக்கும், குடிக்கிறவனுக்குக் கெடைக்காது!"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கண் அவளையும் மீறித் தொப்பிப் பக்கம் போய்விட்டது. எவரிஸ்டின் கண்ணும் அங்கே போயிற்று. எழுந்தான்.

"அடி சக்கை! வீட்டுக்குள்ளயே வெச்சுகிட்டா?" தொப்பியைத் தூக்கினான். அடியில் ஒரு மொட்டைத் தண்டு. பழைய இலையெல்லாம் உதிர்ந்திருந்தது. உச்சியில் மட்டும் ஊசி போல ஒரு புது இலை, பழுப்பாக, ஒல்லியாக. "இதுவா? இது என்ன, குச்சி? சரி, குச்சியானா என்ன, கொதிக்கவெச்சா எல்லாம் ஒண்ணுதான்." கையை நீட்டினான்.

கோந்த்ரான் பஸ் படியில் வாளியோடு நின்றிருந்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. வந்த விருந்தாளி, கல்யாணப் பெண்ணின் தகப்பன். இந்த வீட்டில் எது யாருடையது என்று சொல்ல நான் யார் என்று ஒரு நினைப்பு நடுவில் வந்து நின்றது.

"தொப்பிய வெச்சிடுங்க" என்றாள் மிரெல். "அது அப்பாவோட செடி."

எவரிஸ்ட் சிரித்தான். "அப்ப என்னோடதுதானே, மகளே!"

"இல்ல. அப்பாவோடது."

பெனுவா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிம்ப் சமையல் துணியால் வாயை மூடிக்கொண்டாள். எவரிஸ்ட் மகளைப் பார்த்தான், பஸ் படியில் நின்ற மனிதனைப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவன். தொப்பியை மெதுவாக நாலு கல்லின் மேலும் சரியாகப் பொருந்துகிற மாதிரி வைத்தான்.

"அப்பாவோடதுன்னா சரி" என்றான். "எனக்கு ஒரு எலுமிச்சம்பழத் தண்ணி குடு ஒலிம்ப், போதும்."

மிரெலுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எதையாவது டங்கென்று வைக்கப் பழக்கத்தில் கை தேடியது. பக்கத்தில் பாத்திரம் எதுவும் இல்லை.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

காலையிலேயே ஊற்றியிருந்தான். சவரம் செய்த தண்ணீர் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல்.

"இல்லம்மா" என்றான் கோந்த்ரான். "இன்னும் ஊத்தல."

படியிலிருந்து இறங்கி, பஸ் இஞ்சினுக்கென்று வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் போனான். மழை பார்த்து மாதக்கணக்காகியிருந்த அந்த வறட்சியில், ஒரே நாளில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தது எங்கள் மலையில் அந்தச் செடி ஒன்றுதான்.